அமெரிக்காவில் பெற்றோர் உரிமையை ரத்து செய்யும் வழக்கில், வசதியில்லாத பெற்றோருக்கு அரசே வக்கீல் தருமா?

பெரும்பாலான மாநிலங்களில் தரும். ஆனால் அது மாநிலச் சட்டம் தருவது. அரசியல் சாசனப்படி எல்லாருக்கும் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்றுவரை சொல்லவில்லை.

நான் வக்கீல் இல்லை. குடும்ப நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் சில தடவை உட்கார்ந்திருக்கிறேன். அதனாலேயே 1981ஆம் ஆண்டின் லாசிட்டர் வழக்கை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. வட கரோலினாவின் டர்ஹாம். சிறையில் இருந்த ஒரு தாயை, மகன் மேல் உரிமை இருக்க வேண்டுமா என்று முடிவு செய்யக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அரசுத் தரப்பில் வக்கீல் இருந்தார், அந்தத் தாய்க்கு யாரும் இல்லை. சமூக நலத்துறை ஊழியரை நீங்களே குறுக்கு விசாரணை செய்யுங்கள் என்றார்கள். பாவம், அவருக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை, தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நீதிபதி தடுத்துவிட்டார். பெற்ற பிள்ளைக்காகப் பேசும் யாரும் அப்படித்தானே பேசுவார்கள்?

உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வக்கீல் தேவையா என்பதை வழக்குக்கு வழக்கு பார்த்துக்கொள்ளலாம் என்றது. கடுமையான குற்ற வழக்கில் சிக்கிய ஏழைக்கு 1963லேயே அதே உச்ச நீதிமன்றத்தின் கிடியன் தீர்ப்பு வக்கீலை உறுதி செய்துவிட்டது. பிள்ளையை நிரந்தரமாக இழப்பது சிறையைவிடச் சிறிய தண்டனையா? எனக்கு லாசிட்டர் தீர்ப்பு தவறாகவே படுகிறது. இதில் அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளின் வசதியில்லாத பெற்றோருக்கு மட்டும் 1978 முதலே மத்தியச் சட்டத்தில் வக்கீல் பெறும் உரிமை இருக்கிறது.

சரி, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த நிலை என்றால், உரிமை ரத்து மனு வரும்வரை காத்திருக்காதீர்கள். கடைசி 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை அரசுப் பராமரிப்பில் இருந்தாலே, சில விதிவிலக்குகள் தவிர, மாநிலம் மனு போட்டாக வேண்டும் என்கிறது 1997ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குள் உங்களுக்கு எதிரான கோப்பு தடித்திருக்கும். பிள்ளையை அரசு எடுத்துக்கொண்டு போனதும் நடக்கும் முதல் விசாரணையிலேயே, "எனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை, நியமித்துத் தாருங்கள்" என்று நீதிபதியிடம் வாய்திறந்து கேளுங்கள். வருமான விவரப் படிவம் கொடுப்பார்கள், உண்மையை எழுதுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதென்றால், அன்றைக்கே மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். புரியாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.