தொடவிடாத மையத்துக்கே போங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு வார விடுமுறையில் ஏதாவது ஒரு வெப்பமண்டல நாட்டில் குரங்குகள் மறுவாழ்வு மையத்துக்குத் தன்னார்வலராகப் போக ஆசை. ஒரு மையத்தில் தாயில்லாக் குட்டிகளுக்குப் பால் புகட்டலாம், தோளில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இன்னொன்றில் கூண்டு கழுவுவதும் இலை வெட்டுவதும்தான் வேலை, குரங்கைத் தொடவே விடமாட்டார்களாம். கட்டணம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதற்குப் போவது?

ச.

அன்புள்ள ச.,

இரண்டாவதற்குப் போங்கள்.

குரங்குக்குட்டி தாயின் வயிற்றையோ முதுகையோ எளிதில் விடாது. அதனால் குட்டியைப் பிடிக்க வருகிறவர்கள் பல நேரம் தாயைக் கொன்றுவிடுகிறார்கள். அப்படி வந்த குட்டி கையில் எடுத்தவரையே தாயாகப் பற்றிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அடுத்தவர் வருவார். குட்டி திரும்பத் திரும்பத் தாயை இழக்கும். மனிதரை ஒட்டியே வளர்ந்த குரங்கைக் காட்டில் விட்டாலும் ஆளைக் கண்டதும் இறங்கி வரும், வந்திருப்பவர் வேட்டைக்காரர் என்று அதற்குத் தெரியாது. நல்ல மையங்களில் நிரந்தர ஊழியர் ஓரிருவர் மட்டுமே குட்டியைப் பார்த்துக்கொள்வார்கள். முடிந்த சீக்கிரத்தில் அதே இனத்துப் பெண்குரங்கு ஒன்றோடு அதைச் சேர்க்கப் பார்ப்பார்கள்.

நோயும் இரண்டு பக்கமும் தாவும். நமக்கு உதட்டோரம் வந்துபோகும் ஹெர்பிஸ் கொப்புளம் மார்மோசெட் குரங்கைச் சில நாட்களில் கொன்றுவிடும். ஆசியாவின் மக்காக் குரங்குகளிடம் உள்ள பி வைரஸ் அவற்றுக்குப் பெரிய தொல்லை தராது, மனிதருக்கு வந்தால் மூளையைத் தாக்கும். கடித்தாலும் கீறினாலும் உடனே 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும்.

தடுப்பூசி வேலையை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். ரேபிஸ் முன்தடுப்பு ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி, கடிபட்டால் மறுபடியும் போட்டாக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடென்றால் அந்த ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போடவேண்டும். தட்டம்மை ஊசிச் சான்றும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம், அதனால் ரத்தப் பரிசோதனையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கூண்டு கழுவுவதைக் குறைவாக எண்ணாதீர்கள். முதலில் சாணத்தைச் சுரண்டி எடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து அலசிய பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேலேயே ஊற்றினால் மருந்து வேலை செய்யாது. டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிட்டு அலசி, நன்றாகக் காயவிட வேண்டும். இலையும் அப்படித்தான். ஆப்பிரிக்காவின் இலைதின்னும் கொலோபஸ் குரங்கின் வயிறு இலையை நொதிக்கவைத்துச் செரிப்பது. ரொட்டியும் இனிப்புப் பழமும் கொடுத்தால் வயிறு உப்பிச் சாகக்கூடும். அன்றன்று வெட்டிய கிளைகளை உயரத்தில், நாலைந்து இடங்களில் கட்டவேண்டும். ஒரே இடத்தில் கட்டினால் வலுத்தது தின்னும், இளைத்தது பார்த்துக்கொண்டிருக்கும்.

காட்டுக்குரங்குகளைக் கவனித்துக் குறிப்பெடுக்க இரண்டு வாரம் போதாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை எது என்ன செய்கிறது என்று எழுத, முதலில் முகம் பார்த்து அடையாளம் சொல்லத் தெரியவேண்டும், அதற்கே வாரங்கள் ஆகும். உங்களால் முடிவது தீவனம், மரக்கன்று நாற்றங்கால், கயிற்றுப்பாலம். கென்யாவின் டியானியில் கொலோபஸ் குரங்குகள் சாலையில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், மின்கம்பியை உரசும் கிளைகளையும் வெட்டிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு எப்போதும் ஆள் தேவை.

பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேளுங்கள்: புதிதாக வரும் குரங்கை எத்தனை நாள் தனியாக வைக்கிறீர்கள், கால்நடை மருத்துவர் யார், இதுவரை எத்தனை குரங்குகளைக் காட்டில் விட்டீர்கள், விட்டபின் எவ்வளவு காலம் பின்தொடர்ந்தீர்கள், காட்டில் விடும் திட்டம் இல்லாமலே குரங்குகளை இனப்பெருக்கம் செய்யவைக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் விட்டுவிடுங்கள். விசாவையும் பாருங்கள். பல நாடுகளில் சம்பளமில்லா வேலைக்கும் சுற்றுலா விசா செல்லாது.

கிளம்பும் நாளில் சளியோ உதட்டில் கொப்புளமோ இருந்தால் மறைக்காமல் மையத்துக்குச் சொல்லிவிடுங்கள். குணமாகும்வரை நாற்றங்காலில் வேலை கொடுப்பார்கள்.