மடிப்பு, பசை, வெண்டைக்காய்: வாழ்த்து அட்டை கேள்வி பதில்

இந்த தடவை வந்த லெட்டர்ல முக்கால்வாசி கையால வாழ்த்து அட்டை செய்யறது பத்தித்தான், பொங்கல் கிட்ட வந்துடுச்சுல்ல. முந்தி எல்லாம் மார்கழி பாதியிலயே பெட்டிக்கடை வாசல்ல கயிறு கட்டி அட்டைங்களைத் தொங்க விட்டுடுவாங்க, ரஜினி கமல் ஒரு வரிசை, மாடு கரும்பு பானை ஒரு வரிசைன்னு. இப்ப அதெல்லாம் வாட்ஸ்ஆப் படமா மாறிப்போச்சு. சரி, கேள்விக்குப் போவோம்.

அக்கா, கலர் சார்ட் வாங்கி ரெண்டா மடிச்சா மடிப்பு மேல வெள்ளை வெள்ளையா வெடிச்சு நார் தெரியுது. நல்ல சார்ட்தான், கடையில விலை ஜாஸ்தி சொன்னதையே வாங்கினேன். என்ன பண்றது? (வாசகி, தேனி)

விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. மெஷின்ல ஓடி வர்ற பேப்பர் எல்லாத்துலயும் நார் பெரும்பாலும் ஒரே திசையில படுத்திருக்கும். அந்தத் திசையோட சேர்த்து மடிச்சா சொன்ன பேச்சு கேக்கும், குறுக்க மடிச்சா நார் ஒடைஞ்சு வெடிக்கும், சாயம் மேலாக்க மட்டும் இருக்கற சார்ட்டா இருந்தா உள்ள இருக்கற வெள்ளை வெளிய தெரியும், அவ்ளோதான் விஷயம். எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க, மடிக்காம சும்மா வளைச்சுப் பாருங்க, ஒரு பக்கம் ஈஸியா வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். ஈஸியா வளையற பக்கம்தான் மடிப்பு வரணும். இன்னும் சந்தேகமா இருந்தா ஓரத்துல ஒரு துண்டு கிழிச்சுப் பாருங்க, நேரா கிழிஞ்சா அதுதான் நார் போற திசை.

கடையில கிடைக்கற ஏ4 ஷீட்ல இன்னொரு சிக்கல் இருக்கு. அதுல அனேகமா நார் நீளவாக்குல போகும், நாம அதை ரெண்டா மடிக்கறதோ குறுக்க, அதனாலதான் ஏ4 அட்டைங்க அவ்ளோ வெடிக்குது. முழு சார்ட்டா வாங்கி, திசை பாத்து நீங்களே வெட்டிக்கிட்டா இந்தத் தொல்லை இல்ல. வேற வழியே இல்லாம குறுக்கதான் மடிக்கணும்னா, மை தீர்ந்து போன பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, ஸ்கேல் வெச்சு, அடியில பழைய நோட்டு ஒண்ணு போட்டு, மடிப்பு வர்ற எடத்துல ரெண்டு தடவை அழுத்தி ஒரு கோடு இழுங்க. அப்புறம் மடிக்கும்போது, பேனா போட்ட பள்ளம் அட்டைக்கு வெளிப்பக்கம் வரணும், பின்னாடி மேடா எழும்புதே அது உள்பக்கம் போகணும். நிறைய பேர் இதைத் திருப்பித்தான் மடிக்கறாங்க, பள்ளம் இருந்தா உள்பக்கம்தான மடங்கும்னு தோணும், ஆனா அப்படி மடிச்சா வெளிப்பக்கம் இன்னும் இழுபட்டு வெடிக்கும். கடைசியா ஸ்பூன் பின்பக்கத்தால ஒரு தேய் தேய்ச்சு விடுங்க. 220லேர்ந்து 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கற கணக்கு) இருந்தா அட்டை நிக்கும், அதுக்குக் கீழ போனா தொய்ஞ்சு விழுந்துடும்.

புதுச்சேரி பக்கம் போனீங்கன்னா அரவிந்தர் ஆசிரமத்துல பருத்தித் துணியில இருந்து செய்யற கைக்காகிதம் கிடைக்கும், கையால ஒவ்வொரு ஷீட்டா தூக்கறதால நார் கண்டபடி கிடக்கும், திசைப் பிரச்சனை அவ்ளோவா கிடையாது. ஆனா ஜெல் பேனா, இங்க் பேனா வெச்சு எழுதறதுக்கு முன்னாடி ஓரத்துல எழுதிப் பாத்துக்குங்க, கைக்காகிதம் சிலது மையை நல்லா உறிஞ்சும்.

மேடம், நான் அரசுப் பள்ளியில ரெண்டாம் வகுப்பு எடுக்கறேன். நாப்பது பிள்ளைங்க. செலவே இல்லாம, கத்திரியும் அதிகம் இல்லாம என்ன செய்ய வைக்கலாம்? (ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்)

காய்கறி அச்சுதான் டீச்சர், வேற யோசிக்கவே வேணாம். முத்தின வெண்டைக்காயைக் குறுக்க நறுக்கினா அஞ்சு இதழ் பூ ரெடி, மதிய சாப்பாட்டுக்கு நறுக்கும்போது தலைப்பக்கத் துண்டை எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்க. வாழைமட்டையைக் குறுக்க வெட்டினா உள்ள கட்டம் கட்டமா அறை இருக்கும், அது அச்சு வெச்சா வலை மாதிரி வரும், மீனுக்கு செதில் போட அதுக்கு ஈடு எதுவும் இல்ல. பாதி வெங்காயம் வளையம் வளையமா வரும். நறுக்கினதைத் துணியில ஒத்தி ஈரத்தை எடுத்துட்டு, ஒரு மூடியில பழைய ஸ்பான்ஜ் போட்டு அதுல போஸ்டர் கலரைக் கெட்டியா தடவி, அதுல ஒத்தி எடுத்து வைக்கச் சொல்லுங்க. நேரா கலர்ல முக்கினா சொத சொதன்னு போயி பூ எல்லாம் உருண்டையா தெரியும்.

உருளைக்கிழங்குல எழுத்து செதுக்கறது நீங்க செய்யுங்க, பிள்ளைங்க கையில கத்தி வேணாம். எழுத்தைக் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிச் செதுக்கணும், இல்லேன்னா பொங்கல் பின்னாடி போயிடும். ட, ப, ம, ய எல்லாம் கோணமா இருக்கறதால சுலபம், ழ பக்கம் போகாதீங்க.

இன்னொண்ணு, பிள்ளைங்க கத்துவாங்க பாருங்க. பேப்பர் மேல மஞ்சள் தண்ணி பூசிக் காய விடுங்க. அப்புறம் சமையல் சோடா கரைச்ச தண்ணியில இயர் பட்ஸ் தொட்டு எழுதச் சொல்லுங்க, எழுத்து செவப்பா கிளம்பி வரும். ஆரத்திக்கு ஆலம் கரைக்கும்போது மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்குதே அதே வேலைதான், சுண்ணாம்புல இன்னும் நல்லா செவக்கும் ஆனா சின்னக் கைக்கு அது ஆகாது. எலுமிச்சம்பழம் தொட்டா திரும்ப மஞ்சளாயிடும், தப்பா எழுதினா அதுதான் ரப்பர். மஞ்சள் வெயில்ல வெளுத்துடும், அதனால ஜன்னல்ல காய வெக்காம நிழல்ல வைங்க.

ஆன்ட்டி, நான் எட்டாவது படிக்கிறேன். பாப் அப் கார்டு செஞ்சேன், திறந்தா பொங்கல் பானை எழுந்து நிக்குது சூப்பரா இருக்கு, ஆனா மூடினா பானையோட கழுத்து வெளிய நீட்டிட்டு நிக்குது. ஏன்? (மாணவன், ஈரோடு)

தம்பி, எழுந்து நிக்கறவரைக்கும் வந்துட்டல்ல, மிச்சம் ஒரு கூட்டல் கணக்குதான். மடிப்புல ரெண்டு வெட்டு போட்டு உள்ள தள்ளி ஒரு படி மாதிரி பெட்டி செஞ்சிருப்ப, அதோட முன்பக்கத்துல பானையை ஒட்டியிருப்ப, சரிதானே? அந்தப் பெட்டி மடிப்புக் கோட்டுல இருந்து எவ்ளோ முன்னாடி நிக்குதோ அதையும், பானையோட உயரத்தையும் கூட்டு. மூடும்போது பானையோட உச்சி மடிப்புல இருந்து அவ்ளோ தூரம் போய்ப் படுக்கும். ஏ4 ஷீட்டை ரெண்டா மடிச்சா ஒரு பக்கம் 14.8 செ.மீ. பெட்டி 4 செ.மீ முன்னாடி இருந்தா பானை 10 செ.மீக்கு மேல போகக் கூடாது, போனா எட்டிப் பாக்கும். பானைக்குப் பின்னாடி சூரியன் வேணும்னா பெட்டியில ஒட்டாத, மடிப்புக்கு மேல பின் பக்கத்துலயே வரைஞ்சுடு, எடமும் மிச்சம். ஒட்டறதுக்கு முன்னாடி சாதா பேப்பர்ல ஒண்ணு செஞ்சு மூடிப் பாத்துக்க.

பசை போட்டதும் அட்டை அப்பளம் மாதிரி நெளியுது. (பல வாசகர்கள்)

வெள்ளைப் பசையில தண்ணி இருக்கு, அந்தத் தண்ணி பட்ட பக்கம் நார் ஊறி பெருக்குது, படாத பக்கம் அப்படியே இருக்கு, அதான் நெளியுது. ஃபெவிகாலை பாட்டில்ல இருந்து நேரா பிழியாம பழைய பிரஷ்ஷால மெல்லிசா இழுங்க, ஒட்டினதும் மேலயும் கீழயும் வெள்ளைப் பேப்பர் வெச்சு கனமான புத்தகத்துக்கு அடியில ராத்திரி பூரா வைங்க. பெரிய பேப்பரைப் பெரிய பேப்பர் மேல ஒட்டணும்னா டபுள் சைடு டேப்தான், பசையே வேணாம்.

ஜிகினா தூள் உதிராம இருக்க என்ன வழி? (வாசகி, திருச்சி)

போடாம இருக்கறதுதான்.

வீட்டுல கல்யாணப் பத்திரிகை குவிஞ்சு கிடக்கு, நல்ல கெட்டி அட்டை, தங்க பார்டர். ஆனா மேல பிள்ளையார், முருகன்னு சாமி படம். வெட்ட மனசு வரல. (வாசகி, கும்பகோணம்)

சாமி படத்தை மட்டும் முதல்ல பத்திரமா வெட்டி எடுத்து தனியா வெச்சுடுங்க, அதை நல்ல சட்டம் போட்டு மாட்டறவங்களும் உண்டு, ஆத்துல விடறவங்களும் உண்டு, உங்க வீட்டு வழக்கம் எதுவோ அப்படி. மணமக்கள் பேர் இருக்கற பகுதியையும் நான் தொட மாட்டேன், அது என்னவோ எனக்கு ஒப்பல. மிச்சம் இருக்கறதே தாராளம்.

அந்த பார்டர், உறை எல்லாத்தையும் 2 செ.மீ அகல பட்டையா வெட்டி, நீளவாக்குல ரெண்டா மடிச்சு வெச்சுக்கோங்க. கெட்டி அட்டையை விட மெல்லிசு உறைதான் இதுக்கு நல்லா மடங்கும். புது அட்டையோட முன்பக்கத்துல ஒரு குடமோ அகல் விளக்கோ ஓட்டையா வெட்டுங்க. அட்டையைக் கவுத்துப் போட்டு, ஓட்டையோட ஓரத்துல ஒரு பட்டையை, மடிச்ச பக்கம் நடுவைப் பாத்த மாதிரி வெச்சு டேப் போடுங்க, அடுத்த ஓரத்துல வேற நிறம், அப்புறம் அடுத்தது, சுத்திச் சுத்தி ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் உள்ள தள்ளி. நடுவுல சின்ன ஓட்டை மிஞ்சும்போது தங்கத் தாள் வெச்சு மூடிடுங்க. திருப்பிப் பாத்தா கேமரா லென்ஸ் மூடற மாதிரி சுழி சுழியா வந்திருக்கும். ஐரிஸ் ஃபோல்டிங்னு பேரு, ஹாலந்துக்காரங்க பழைய தபால் உறையோட உள்பக்க டிசைனை வெட்டி இப்படித்தான் செய்வாங்க.

அட்டையில ஊசி நூல் வெச்சு கோலம் போடலாமா? சிக்குக் கோலம் முயற்சி பண்ணா வளைவே வரல. (வாசகர், நாகர்கோவில்)

நூல் நேராத்தான் சார் போகும், அதை வளைக்கப் பாத்தா நடக்காது. நேர்கோட்டை வெச்சே வளைவை வரவழைக்கணும். இங்கிலீஷ் எழுத்து எல் (L) மாதிரி ரெண்டு கோடு வரைஞ்சு ஒவ்வொண்ணுலயும் அரை செ.மீ விட்டு 10 புள்ளி வைங்க, மூலையில இருந்து 1, 2, 3ன்னு எண் போடுங்க. அட்டைக்கு அடியில தெர்மாகோல் வெச்சு ஊசியால எல்லாப் புள்ளியும் முதல்லயே குத்திடுங்க. அப்புறம் இந்தக் கோட்டோட 10ல இருந்து அந்தக் கோட்டோட 1க்கு, 9ல இருந்து 2க்கு, 8ல இருந்து 3க்குன்னு நூல் போனா ஒரு நூல்கூட வளையாமலே நடுவுல அழகா ஒரு வளைவு தெரியும். கணக்குல அது பரவளையம். எவரெஸ்ட் மலைக்குப் பேர் வெச்சாங்களே ஜார்ஜ் எவரெஸ்ட், அவரோட தம்பியோ அண்ணனோ பொண்ணு மேரி எவரெஸ்ட் பூல், குழந்தைங்களுக்குக் கணக்கு மனசுல பதியட்டும்னு இந்த மாதிரி அட்டையில நூல் கோக்க வெச்ச அம்மா. நாலு எல் வடிவத்தை முதுகோட முதுகா சேத்து வைங்க, நட்சத்திரக் கோலம் கிடைச்சுடும். சிக்குக் கோலமேதான் வேணும்னா ஓட்டையை 3 மி.மீ நெருக்கத்துல குத்தி பின்தையல் போடுங்க, பொறுமை இருந்தா. பின்பக்கம் முடிச்சு தெரியாம இருக்க ஒரு தாள் ஒட்டி மறைச்சுடுங்க.

பூவைப் புத்தகத்துல வெச்சு காய வெச்சா பழுப்பாயிடுது. (வாசகி, ஊட்டி)

மல்லி, சம்பங்கி எல்லாம் பழுக்கத்தான் செய்யும், சதைப்பத்து அதுல ஜாஸ்தி. காகிதப்பூ, பெரணி இலை, முருங்கை இலை இதெல்லாம் எடுங்க. பனி காஞ்சப்புறம் பறிச்சு நியூஸ் பேப்பருக்கு நடுவுல வெச்சு மேல கனம் ஏத்துங்க, முதல் ரெண்டு மூணு நாள் பேப்பரை மாத்திக்கிட்டே இருக்கணும், ஊட்டி ஈரத்துக்கு இதை விட்டுட்டா பூஞ்சைதான். ரெண்டு வாரம் தொடாதீங்க.

செஞ்ச அட்டையைத் தபால்ல அனுப்பினா என் அக்காவுக்கு டியூ (தபால் கட்டணம் பாக்கி) போட்டு வந்துச்சாம். ஸ்டாம்ப் ஒட்டித்தான அனுப்பினேன்! (வாசகர், சேலம்)

எடை தாண்டியிருக்கும். சாதா லெட்டருக்கு முதல் கட்டணம் 20 கிராம் வரைக்கும்தான். ஏ4 ஷீட் 16 சேர்ந்தா ஒரு சதுர மீட்டர், அப்ப 250 ஜிஎஸ்எம் ஷீட் ஒண்ணே 15 கிராம் சொச்சம், 80 ஜிஎஸ்எம்ல உறை செஞ்சா அது ஒரு 5 கிராம், மேல ஒண்ணும் வெக்காமலே 20ஐத் தாண்டிடுது, பூவோ நூலோ பசையோ வெச்சா கேக்கவே வேணாம். நகைக்கடைத் தராசு எல்லாம் வேணாம், தபால் ஆபீஸ் கவுண்டர்லயே எடை போட்டு ஒட்டுங்க. மணி, பட்டன் மாதிரி மேடான சாமான் வெச்ச அட்டையா இருந்தா முத்திரை குத்தற அடியில நசுங்கும், அதுக்கு அட்டை அளவுக்கு ஒரு கெட்டி அட்டைத் துண்டு முன்னாடி வெச்சு உறையில போடுங்க, எடையை அதோட சேத்துப் பாருங்க.