லித்தியத்திடமே கேட்டுவிடலாம்

கேள்வி: என் மகள் வெளிநாட்டில் பேட்டரி ஆராய்ச்சி செய்கிறாள். பேட்டரியில் இருந்து சுரண்டி எடுத்த பொடியை என்.எம்.ஆர். கருவிக்குள் வைத்துப் பார்ப்பதாகச் சொல்கிறாள். இது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மாதிரியா? பொடியில் என்ன தெரியும்? எக்ஸ்ரே போதாதா?
– வாசகர், கரூர்

பதில்: அடிப்படை ஒன்றுதான். என்.எம்.ஆர். என்றால் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. வலுவான காந்தத்துக்குள் வைத்தால் அணுக்கருக்கள் அவற்றுக்கே உரிய ரேடியோ அலைவரிசையில் பதில் சொல்லும். ஆஸ்பத்திரியில் உடம்புத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனைக் கேட்கிறார்கள், உங்கள் மகள் லித்தியத்தைக் கேட்கிறாள். இந்த வித்தையே லித்தியத்தோடு பிறந்ததுதான். 1938இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இசிடோர் ராபியின் குழு இந்த ஒத்ததிர்வை முதன்முதலில் பார்த்தது லித்தியம் குளோரைடு மூலக்கூறுக் கற்றையில்.

எக்ஸ்ரே அவசியம் வேண்டும், நாங்களும் தினமும் எடுக்கிறோம். ஆனால் எக்ஸ்ரே பார்ப்பது எலக்ட்ரான்களை. லித்தியம் அயனியிடம் இருப்பதோ இரண்டே இரண்டு. பக்கத்தில் நிக்கலும் மாங்கனீசும் இருபதுக்கு மேல் வைத்துக்கொண்டு நிற்கும்போது லித்தியம் கண்ணில் படுவதே கஷ்டம். போதாக்குறைக்கு, எக்ஸ்ரே தருவது எண்ணற்ற அணுக்களின் சராசரி. ஒரு லித்தியத்துக்கு அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அறிய என்.எம்.ஆர். வேண்டும்.

அது தெரிவதற்குக் காரணம் காந்தத்தன்மை. பேட்டரியின் நேர்முனையான கேத்தோடில் உள்ள மாங்கனீசு அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் உண்டு. அவற்றின் காந்தம் நடுவில் உள்ள ஆக்சிஜன் வழியாகக் கொஞ்சம் கசிந்து லித்தியம் கருவைத் தொடும். உடனே லித்தியத்தின் சிக்னல் இடம் பெயரும். சாதாரண லித்தியம் உப்புகளில் எல்லாச் சிக்னலும் பூஜ்யத்தை ஒட்டிச் சில பிபிஎம்முக்குள் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அடங்கிவிடும். செல்போன் பேட்டரியின் லித்தியம் கோபால்ட் ஆக்சைடிலும் அப்படியே, ஏனென்றால் அந்தக் கோபால்டில் ஜோடி சேராத எலக்ட்ரான் இல்லை. ஆனால் லித்தியம் மாங்கனேட்டை (Li₂MnO₃) பாருங்கள், ஒரு சிக்னல் 750 பிபிஎம் அருகே, இன்னொன்று 1500 அருகே! இந்தப் பொருளில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். இரண்டாவது சிக்னல், மாங்கனீசு அடுக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் லித்தியம். சுற்றிலும் ஆறு மாங்கனீசு. ஒன்றுக்குச் சுமார் 250 பிபிஎம் என்று வைத்தால் ஆறுக்கு 1500. இந்தக் கூட்டல் கணக்கு சரியாக வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பூரிப்பு.

சரி, இதனால் பேட்டரிக்கு என்ன லாபம்? லித்தியம் நிக்கல் மாங்கனீசு ஆக்சைடை எடுத்துக்கொள்வோம், நிக்கலும் மாங்கனீசும் பாதிப் பாதி. ஏட்டுப்படி லித்தியம் ஒரு அடுக்கு, உலோகங்கள் அடுத்த அடுக்கு. வேதியியலாளர் கிளேர் கிரேயின் குழு (அப்போது அமெரிக்காவில் ஸ்டோனி புரூக், இப்போது கேம்பிரிட்ஜ்) எடுத்த என்.எம்.ஆரில் 1500 அருகே ஒரு சிக்னல் எழுந்தது. அப்படியென்றால் கொஞ்சம் லித்தியம் உலோக அடுக்குக்குப் போயிருக்கிறது, அதற்கு ஈடாக நிக்கல் லித்தியத்தின் அடுக்கில் வந்து அமர்ந்திருக்கிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கல்யாண மண்டப வாசலில் யாரோ நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி, அந்த நிக்கல் லித்தியத்தின் போக்குவரத்தை மறிக்கிறது. அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த கெர்பிராண்ட் சீடருடன் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். முதலில் லித்தியத்துக்குப் பதில் சோடியம் போட்டுப் பொருளைச் செய்தார்கள். சோடியம் அயனி பெரியது, நிக்கலோடு இடம் மாற்றிக்கொள்ளாது. பிறகு சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லித்தியத்தை வைத்தார்கள். இடமாற்றம் பாதிக்கும் கீழே குறைந்தது, பேட்டரி மிக வேகமாகச் சார்ஜ் ஏறி இறங்கியது. 2006இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த வேலை இது. வேதிச் சூத்திரம் அதேதான், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் மாறியது. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு இந்த ஒரு ஆய்வே போதும்.

உங்கள் மகளின் அன்றாடம் எப்படி என்றும் சொல்கிறேன். ஆர்கான் வாயு நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறையோடு கைவிட்டு, பேட்டரியைப் பிரித்து, அலுமினியத் தாளில் ஒட்டிய கறுப்புப் பூச்சைக் கரைப்பானில் கழுவிக் காயவைத்துச் சுரண்ட வேண்டும். தாளின் துணுக்கு கலந்துவிடக் கூடாது, காந்தத்துக்குள் உலோகம் சுழல மறுத்து இழுக்கும். பிறகு தீக்குச்சியைவிட ஒல்லியான சிர்க்கோனியா என்ற பீங்கான் குழாயில், சில மில்லிகிராம் பொடியைச் சிறுகச் சிறுகத் தட்டி இறக்க வேண்டும். கையுறை போட்ட விரலுக்கு அந்தக் குழாயின் மூடி அகப்படுவதே பெரிய பாடு! குழாயை 54.7 பாகை சாய்த்து, காற்றை ஊதி, நொடிக்கு 60,000 சுற்று வரை சுழற்றினால்தான் அகன்று கிடக்கும் சிக்னல் ஒடுங்கிக் கூராகும். ஒரு விசித்திரம்: மற்ற என்.எம்.ஆர். காரர்கள் பெரிய காந்தத்துக்கு வரிசையில் நிற்பார்கள். நாங்கள் மூலையில் கிடக்கும் பழைய சின்னக் காந்தத்தைத் தேடிப் போவோம். காந்தம் பெரிதானால் கேத்தோடு சிக்னல் இன்னும் அகலமாகிவிடும்.

கேள்வி: பேட்டரியைப் பிரிக்காமல், சார்ஜ் ஏறும்போதே பார்க்க முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: முடியும். பிளாஸ்டிக் பையில் செய்த சிறு பேட்டரியைக் கம்பிச் சுருளுக்குள் வைத்து, ஓடும்போதே சிக்னல் எடுக்கிறார்கள். ஆனால் அதைச் சுழற்ற முடியாது, அதனால் கேத்தோடு சிக்னல் மங்கலாகவே கிடைக்கும். எதிர்முனையில் படியும் லித்தியம் உலோகம் நன்றாகத் தெரியும், 260 பிபிஎம் பக்கத்தில் தனியே நிற்கும். பாசி போல வளரும் லித்தியத்தை இப்படி அளந்து காட்டிய ஆய்வு 2010இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் வந்தது.

கேள்வி: என் மின்சார ஸ்கூட்டர் பேட்டரியை இதில் சோதிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். செல்லின் உலோக உறைக்குள் ரேடியோ அலை நுழையாது. எஃகு உறையாக இருந்தால் காந்தம் அதை அப்படியே இழுத்துக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. சர்வீஸ் சென்டரில் கொள்ளளவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். இதில் சேர என்ன செய்ய வேண்டும்?
– மாணவி, காரைக்குடி

பதில்: உங்கள் ஊரிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. விடுமுறைப் பயிற்சிக்கு இடம் உண்டா என்று அங்கே எழுதிக் கேளுங்கள், பேட்டரி செய்யும் கைப்பழக்கம் அங்கே வரும். என்.எம்.ஆருக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஹைதராபாத் டாடா ஆய்வு நிறுவனமும் நல்ல இடங்கள். அதுவரை குவாண்டம் பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள், குறிப்பாகச் சுழற்சி (ஸ்பின்) பற்றிய அத்தியாயத்தை. பயமாக இருந்தால் கணக்குகளை மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள்.