கேள்வி நேரம்: கத்தினானா, அழுதானா?

கேள்வி: ஐயா, எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஜெர்மன்காரரும் ஒரு டச்சுக்காரரும் வேலை செய்கிறார்கள். போன வாரம் சாப்பாட்டு மேசையில் இருவரும் ஒரே எழுத்துகளில் ‘schreien’ என்று ஒரு சொல்லை எழுதினார்கள். ஜெர்மன்காரர் ‘கத்துவது’ என்கிறார், டச்சுக்காரர் ‘அழுவது’ என்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, கூலிம், மலேசியா)

பதில்: ரெண்டு பேரும் சரிதான்மா. எழுத்து ஒன்று, ஒலிதான் வேறு. ஜெர்மன்காரர் ‘ஷ்ரையன்’ என்பார், டச்சுக்காரர் நடுவில் தொண்டையைக் காறிக்கொண்டு ‘ஸ்ஹ்ரெய்யன்’ என்பார். ஜெர்மனில் கத்துவது, அலறுவது. டச்சில் கண்ணீர் விட்டு அழுவது, அதுவும் இப்போது கொஞ்சம் ஏட்டு வாடை அடிக்கிற சொல். கத்துவதற்கு டச்சுக்காரர்கள் ‘ஸ்ஹ்ரேவன்’ என்று வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பெரிய அநியாயத்தை ‘வானத்தை நோக்கிக் கதறும் அநியாயம்’ என்று ரெண்டு மொழிக்காரர்களும் இதே சொல்லை வைத்துத்தான் சொல்கிறார்கள். காயீன் கொன்ற ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கடவுளைக் கூப்பிடுகிறதே, அந்த பைபிள் கதையிலிருந்து வந்தது. கண்ணீரும் கூப்பாடும் அங்கே பிரியவில்லை. நம் ‘கதறு’ மட்டும் என்னவாம்? பிள்ளை கதறினான் என்றால் அழுதானா, கத்தினானா, சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, இதற்கு ஐரோப்பா வரைக்கும் போவானேன், உங்கள் கெடா மாநிலத்திலேயே இருக்கிறது. நான் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். ஒரு நாள் பால்மரங்களுக்கு நடுவே சைக்கிளோடு விழுந்து, முட்டி கிழிந்து, லயத்துப் படியில் சத்தமில்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்து மலாய்க் கம்போங்கிலிருந்து (கிராமத்திலிருந்து) குவே பலகாரம் விற்க வந்த மக்சிக், அதாவது மலாய் அத்தை, கூடையை இறக்கி வைத்துவிட்டு, “ஜாங்ஙான் தெரியாக்” என்று தலையைத் தடவினார். அழாதே என்று அர்த்தம், வடக்கு மலாய் பேச்சு வழக்கில். அப்புறம் கோலாலம்பூருக்குக் குடிவந்து, பக்கத்து வீட்டு மலாய்ப் பையன் தேம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அதே கனிவோடு அதையே சொன்னேன். அங்கே ‘தெரியாக்’ என்றால் கத்துவது! அவன் அம்மா கதவைத் திறந்து ஒரு முறை முறைத்தார் பாருங்கள்: “என் பிள்ளை எங்கே கத்தினான்?”