கேத்தி ஏன் ஓடிப்போகல?

வணக்கம் அக்கா,

நான் எம்.ஏ. இங்கிலீஷ் ரெண்டாவது வருஷம். புராஜெக்ட்டுக்கு டிஸ்டோபியன் நாவல், அதாவது கொடூரமா மாறிப்போன ஒரு சமூகத்தைக் கற்பனை பண்ற நாவல்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா கைடு மேடம் ரெண்டு கண்டிஷன் போட்டுட்டாங்க. பிரிட்டிஷ் ரைட்டரா இருக்கணும், 2000க்கு அப்புறம் வந்த நாவலா இருக்கணும். ஆர்வெல், ஹக்ஸ்லி ரெண்டு பேரும் அங்கேயே அவுட். மார்கரெட் ஆட்வுட்னு கேட்டேன், அவங்க கனடான்னுட்டாங்க. 2023 புக்கர் வாங்கின பால் லிஞ்ச், ஐரிஷ்காரர். இப்ப மிச்சம் ரெண்டு, ஜான் லான்செஸ்டரோட தி வால் (2019), காசுவோ இஷிகுரோவோட நெவர் லெட் மீ கோ (2005). லான்செஸ்டர்ல க்ளைமேட், அகதிகள்னு எழுத நிறைய இருக்கு. இஷிகுரோவைப் படிச்சா இது டிஸ்டோபியாதானான்னே டவுட் வருது, போலீஸ் இல்ல, கேமரா இல்ல, யாரும் எதிர்க்கக்கூட இல்ல, ஸ்கூல் கதை மாதிரி போகுது. அதுலயும் ஏற்கனவே ஏகப்பட்ட பேர் எழுதிட்டாங்க. எதை எடுக்கட்டும்?

ஒரு வாசகன்

தம்பி,

இஷிகுரோவை எடுங்க. போலீஸ் இல்ல, கேமரா இல்ல, எதிர்ப்பு இல்லன்னு நீங்க எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க புராஜெக்ட்டே அதுதான்.

தி வால் நல்ல நாவல், எனக்குப் பிடிக்கும். கடல் ஏறிடுச்சு, பிரிட்டனைச் சுத்தி மதில் கட்டியாச்சு, இளவட்டங்க எல்லாரும் ரெண்டு வருஷம் அதுமேல நின்னு காவல் காக்கணும், வெளியேருந்து எத்தனை பேர் உள்ள நுழைஞ்சிட்டாங்களோ அத்தனை காவல்காரங்களைக் கடல்ல விட்டுடுவாங்க. இந்த ஒரு சட்டத்தை வெச்சே மனுஷன் நம்மளக் குளிர்ல நடுங்க வெச்சிடறாரு. ஆனா அந்த உலகத்தோட கணக்கு வழக்கை எல்லாம் நாவலே சொல்லிடுது, யார் மேல தப்பு, பெத்தவங்க மேல புள்ளைங்களுக்கு ஏன் கோபம், எல்லாமே. நீங்க புதுசா சொல்ல இடம் கம்மி, பாதி புராஜெக்ட் நியூஸ் பேப்பர் கட்டிங்கா போயிடும்னு பயமா இருக்கு.

நெவர் லெட் மீ கோவுல கதை சொல்ற கேத்தியைப் பாருங்க. 31 வயசு, உறுப்பு எடுக்கறதுக்காகவே குளோனிங்ல உருவாக்கினவ, பதினோரு வருஷத்துக்கு மேல கேரரா இருக்கா, அதாவது தன்னை மாதிரியே உள்ளவங்க ஒவ்வொரு உறுப்பா குடுத்துக் குடுத்து சாகற வரைக்கும் கூட இருந்து பாத்துக்கறா. அவகிட்ட கார் இருக்கு. தனியா ஊர் ஊரா ஓட்டிட்டுப் போறா. ஒரு சர்வீஸ் ஸ்டேஷன் கார் பார்க்கிங்ல பழைய ஃப்ரெண்ட் லாராவைப் பாத்து அவ கார்ல ஏறி உக்காந்து பேசறா, ரெண்டு பேர்கிட்டயும் வண்டி இருக்கு, எதிர்ல ரோடு இருக்கு, பேச்சு வேலைக் களைப்பைப் பத்தியும், படிச்ச ஸ்கூல் ஹெய்ல்ஷாமை மூடிட்டாங்களேன்னும்தான். எத்தனை தடவை படிச்சாலும் அந்த இடத்துல எனக்கு வயித்தைப் பிசையும்.

மூளைச்சலவைன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடாதீங்க, எல்லாரும் அங்கதான் நின்னுடறாங்க. சின்ன வயசு சீன் ஒண்ணு இருக்கு. ஹெய்ல்ஷாமுக்கு வந்து பசங்க வரைஞ்ச படங்களை எடுத்துட்டுப் போற, 'மேடம்'னு எல்லாரும் கூப்பிடற அம்மா நம்மளைப் பாத்து பயப்படறாங்களான்னு டெஸ்ட் பண்ண புள்ளைங்க கூட்டமா அவங்க பக்கத்துல போகுதுங்க, அந்தம்மா கத்தல, திட்டல, அப்படியே விறைச்சுப் போய் நிக்கறாங்க, சிலந்தியைப் பாத்து அருவருக்கற மாதிரி. விளையாட்டா போன புள்ளைங்க வேற ஆளா திரும்பி வருதுங்க. வேலி போட்டிருந்தா தாண்டியிருக்கலாம், அடுத்தவங்க உடம்பு நம்மளப் பாத்துக் கூசுதுன்னு எட்டு வயசுல தெரிஞ்சிட்டா எங்க ஓடறது, யார் வீட்டுக் கதவைத் தட்டறது?

ஏகப்பட்ட பேர் எழுதிட்டாங்கன்னு கவலைப்படாதீங்க, நிறைய பேர் எழுதறது குளோனிங் சரியா தப்பான்னுதான். கேத்தி யார்கிட்ட பேசறாங்கறதை எடுங்க. நீங்க இருந்த இடத்துல எப்படியோ தெரியல, ஹெய்ல்ஷாம்ல எங்களுக்கு இப்படித்தான்னு அங்கங்க சொல்லுவா. கேக்கறது இன்னொரு குளோன்னு நெனச்சுதான் பேசறா. நாமளும் அந்த சீட்ல உக்காந்து அவ பக்கமே நின்னு கேட்டுட்டு வர்றோம். நாவல் முடியப் போற நேரத்துல ஹெய்ல்ஷாமோட பழைய தலைமை டீச்சர் மிஸ் எமிலி, கேன்சர் குணமாகும்னு பழகிட்ட உலகத்தை எப்படி பழைய காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்றது, அவங்கவங்களுக்கு புள்ளையும் பெத்தவங்களும் பொழைச்சா போதும்னுதானே இருந்தாங்கங்கற மாதிரி சொல்றப்ப, நம்ம சீட் எதுன்னு தெரிஞ்சிடுது, ஏன்னா நம்ம வீட்டு ஆளுக்குன்னா நாமளும் அதையேதான் கேட்டிருப்போம். என்னைக் கேட்டா டிஸ்டோபியா அங்கதான் இருக்கு. ஒரு சாப்டர் முழுக்க இதை எழுதலாம்.

கதை நடக்கறது 1990கள் கடைசி இங்கிலாந்துன்னு முதல்லயே போட்டிருக்காரு, எதிர்காலம் கிடையாது. டாலிங்கற குளோனிங் ஆடு 1996ல ஸ்காட்லாந்துல பொறந்துச்சு, அது எல்லாரும் எழுதறது. நீங்க லிவர்பூல் ஆல்டர் ஹே குழந்தைகள் ஆஸ்பத்திரி விவகாரத்தையும் படிங்க. இறந்துபோன குழந்தைங்களோட உறுப்புகளைப் பெத்தவங்களோட முறையான சம்மதம் இல்லாம எடுத்து வெச்சிருந்தது வெளிய வந்து, 2001ல விசாரணை அறிக்கை வந்து நாடே கொதிச்சு, 2004ல மனுஷ உடல் திசுக்களுக்குன்னே புதுச் சட்டம் போட்டாங்க. அடுத்த வருஷம் நாவல். அதைப் பாத்துதான் இஷிகுரோ எழுதினாருன்னு மட்டும் எழுதிடாதீங்க, அப்படிச் சொல்ல ஆதாரம் வேணும், அந்த நாட்டு வாசகர் எந்த மனசோட புக்கைத் திறந்திருப்பாருன்னு சொல்ல அது போதும்.

விமர்சனக் கட்டுரை எதையும் இப்ப தொடாதீங்க. பென்சிலை எடுத்துட்டு திரும்ப முதல்லேருந்து படிங்க, கேத்தி நம்மகிட்ட நேரா பேசற இடத்தை எல்லாம் கோடு போட்டு வைங்க, அதை எடுத்துட்டுப் போய் கைடு மேடம்கிட்ட காட்டுங்க.

அன்புடன்,
அக்கா