நெஞ்சைத் திறக்காமல் இதய வால்வு மாற்ற முடியுமா?

மண்டபம் ஊரிலிருந்து ஓர் அன்பர், 78 வயதான தம் தந்தையாருக்கு அயோர்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயில்) சுருங்கிவிட்டதாகவும், நுரையீரலும் சிறுநீரகமும் தளர்ந்திருப்பதால் அறுவை சிகிச்சைக்கு மருத்துவர்கள் தயங்குவதாகவும் கூறி, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்.

உண்டு. நெஞ்சைத் திறக்காமல் இரத்தக்குழாய் வழியே வால்வைப் பொருத்தும் டாவி (TAVI) எனப்படும் முறையை 2002-இல் பிரான்சில் இதய மருத்துவர் அலன் கிரிபியே முதன்முதலாகச் செய்தார். விலங்கின் இதய உறைச் சவ்வால் ஆன வால்வை, உலோக வலைக்கூட்டோடு ஏறத்தாழப் பென்சில் பருமனுக்குச் சுருக்கி, பெரும்பாலும் தொடை இடுக்கிலுள்ள தமனி வழியே இதயம்வரை கொண்டுசெல்கிறார்கள். பலூனால் விரிக்கும் வகையெனில், அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் மின்தூண்டலால் இதயத்தை மிக வேகமாகத் துடிக்கவைத்து, வால்வு நழுவாதபடி இரத்தப் பாய்ச்சலைத் தணிக்கிறார்கள். பழைய வால்வை அகற்றுவதுமில்லை, புதியதைத் தைப்பதுமில்லை. பழையதில் படிந்து கெட்டியான சுண்ணாம்பே (கால்சியம்) புதியதைப் பிடித்துக்கொள்கிறது. (சில வால்வுகள் மாட்டின் சவ்வாலும், சில பன்றியின் சவ்வாலும் ஆனவை, கீழக்கரை, தொண்டிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் இதை முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது.)

அறுவை சிகிச்சையைத் தாங்க இயலாதவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ‘பார்ட்னர்’ என்ற ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 100-க்கு ஏறத்தாழ 51 பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். டாவி பெற்றோரில் அது 31 ஆகக் குறைந்தது. ஆயினும் பக்கவாதம், இரத்தக்குழாய்க் காயம், வால்வின் ஓரக் கசிவு, பேஸ்மேக்கர் தேவைப்படுதல் ஆகிய ஆபத்துகள் உண்டு.

தந்தையாரின் சிறுநீரகத்தை எண்ணியே எனக்குக் கவலை. வால்வின் அளவறிய எடுக்கும் சி.டி. ஸ்கேனில் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஆகவே சிகிச்சைக்காக மதுரைக்குப் புறப்படுமுன், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்கேனுக்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.