பத்து வருடமாகப் பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறேன், மாநிலக் கோப்பை ஒன்றுகூட இல்லை. என் உழைப்பு வீணா?

வீணில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எனக்கு சாஃப்ட்பால் சொல்லித்தந்த பி.டி. சார், ஓய்வு பெறும்வரை மாநிலப் போட்டியில் கால் இறுதியைத் தாண்டியதில்லை. இன்று நானும் உடற்கல்வி ஆசிரியைதான். வேலைக்கு வந்தபின் கோப்பை வாங்கிய பயிற்சியாளர்கள் பலரோடு பழகிவிட்டேன். அவர் அளவுக்கு வேலை தெரிந்த ஒருவரை இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் கேட்டதற்கு அவருடைய பணிக்காலத்தைச் சொல்வதே பொருத்தமான பதில்.

சார் படித்தது சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில். ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய கல்லூரி அது. படிப்பை முடித்து ஊருக்கு வந்தபோது இங்கே சாஃப்ட்பால் என்றால் யாருக்கும் தெரியாது. தூத்தூர்ப் பக்கம் கடற்கரை ஊர்களில் கால்பந்து, உள்ளே வந்தால் கபடி, வாலிபால். பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால்தான் சொல்லித் தருவேன் என்று அவர் பிடிவாதமாக நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. "கபடியில நல்லா பாடிப் போற பிள்ள ரெண்டு இருந்தா மத்ததுக ஓரமா நின்னு ஒப்பேத்திரலாம். இதுல முடியாது மக்களே. ஒம்பது பேரும் வரிசைப்படி மட்டையப் பிடிச்சுத்தான் ஆகணும்" என்பார்.

விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பேஸ்பால் மாதிரியான ஆட்டம். அணிக்கு ஒன்பது பேர், ஏழு இன்னிங்ஸ். பந்தை அடித்துவிட்டு ஓடி, பேஸ் எனப்படும் மூன்று இடங்களையும் வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால் ஒரு ரன். மட்டை பிடிக்கும் வரிசையை ஆட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்பதாவது ஆள் முடிந்ததும் மறுபடி முதல் ஆள். கிரிக்கெட்டில் பதினோராவது ஆள் மட்டையைத் தொடாமலே போட்டி முடிந்துவிடுவதுண்டு. இங்கே ஒன்பதாவது பெண்ணுக்கும் முறை வந்தே தீரும். பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசும் பிட்சர் நிற்பது 13.11 மீட்டர் தூரத்தில். கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்போரம் கீழிருந்து பந்தை விடுவாள். பந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் மட்டைக்காரிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.6 நொடி. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லக் கூச்சப்படும் ஒரு பிள்ளை, எல்லாரும் பார்த்திருக்க, அங்கே தனியாகப் போய் நிற்க வேண்டும். சாருக்கு வேண்டியது அதுதான்.

இன்னொரு விதியையும் அவர் விடாமல் பயன்படுத்தினார். தொடக்க ஒன்பதில் இருந்தவள் வெளியே வந்தால், ஒரு முறை திரும்ப உள்ளே போகலாம். பல பயிற்சியாளர்கள் இதைக் களைத்துப்போன நட்சத்திர ஆட்டக்காரிக்கு ஓய்வு கொடுக்க வைத்துக்கொள்வார்கள். சார் வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை உள்ளே விட வைத்துக்கொண்டார். நாங்கள் முன்னிலையில் இருந்தால் மட்டுமல்ல, பின்தங்கி இருந்தாலும்.

மாவட்ட இறுதிப் போட்டி ஒன்று நினைவிருக்கிறது. கடைசி இன்னிங்ஸ், நாங்கள் ஒரு ரன் பின்னால், இரண்டு பேர் அவுட் (மூன்றாவது ஆளும் போனால் இன்னிங்ஸ் முடிந்தது), மூன்றாம் பேஸில் எங்கள் பிள்ளை நிற்கிறாள். மட்டைக்கு வர வேண்டியது ஒன்பதாவது பெண். அந்தப் பருவம் முழுக்க அவள் மட்டையில் பந்து சரியாகப் பட்டதே இல்லை. அவளுக்குப் பதில் நன்றாக அடிக்கிற ஒருத்தியை இறக்கலாம், விதியில் இடம் உண்டு. மைதானத்தைச் சுற்றி நின்ற எல்லாரும் கத்தினார்கள். சார் அவளையே அனுப்பினார். மூன்று ஸ்டிரைக் (அடிக்கத் தவறிய பந்து மூன்று), அவுட். தோற்றோம். பள்ளிக்குத் திரும்பியபோது அவருக்குக் கிடைத்த பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. அடுத்த பயிற்சியிலும் அவள் ஒன்பதாவது இடத்தில்தான் நின்றாள். பிறகு பெரிய அடிகாரி ஆனாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அணியில் இருந்தாள். அன்று சார் எடுத்த முடிவு சரிதான் என்பது ஆசிரியையாக என் தீர்ப்பு. ஒரு முறை பிள்ளையைப் பின்னுக்கு இழுத்துவிட்டால், அதற்கு முன் இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் போய்விடும்.

மைதானத்துக்கு வெளியேதான் அவருக்கு வேலை அதிகம். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, போட்டிகள் நடப்பதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். தோல் கையுறைகள் பூஞ்சை பிடித்து விறைத்துப்போகும். வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் உட்கார்ந்து கையுறைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, நிழலில் காயப் போடுவோம். கையுறைகள் எண்ணிக்கையில் குறைவு. பயிற்சி ஆட்டத்தில் இன்னிங்ஸ் மாறும்போது தரையில் வைத்துவிட்டு வர, எதிரணி எடுத்து மாட்டிக்கொள்ளும். இடது கைப் பிள்ளை ஒருத்தி சேர்ந்தபோது சிக்கல் வந்தது. அவள் வலக்கையில் மாட்டுகிற கையுறை பள்ளியில் இல்லை. சார் தன் காசில் ஜலந்தரிலிருந்து வரவழைத்து, அவளை முதல் பேஸில் நிறுத்தினார். இடது கைக்காரிக்கு அது தோதான இடம். ஸ்லைடிங், அதாவது ஓடிவந்து பேஸை நோக்கித் தரையில் சறுக்குவது, பழக எங்கள் செம்மண் மைதானம் ஆகாது, தொடை உரிந்துவிடும். அதற்காகச் சனிக்கிழமை காலையில் சொத்தவிளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். முடிந்ததும் ஆளுக்கு இரண்டு மட்டிப்பழம்.

குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையின் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியற்காலையில் அவளும் தோட்டத்துக்குப் போக வேண்டும், காலைப் பயிற்சிக்கு வர வழியில்லை. சார் அணி முழுவதற்கும் பயிற்சியை மாலைக்கு மாற்றினார். மாநிலப் போட்டிக்கு ஊர் விட்டு ஊர் போக வேண்டி வந்தபோது அந்த அப்பா மறுத்துவிட்டார்.

"பொம்பளப் பிள்ளைய ராத்திரி ரயில்ல எப்படி சார் அனுப்புவேன்?"

"அண்ணாச்சி, என் வீட்டுக்காரியும் கூட வாறா. எண்ணிக் கூட்டிட்டுப் போறேன், எண்ணிக் கொண்டு வந்து விடுகேன்."

அப்படியே செய்தார். அந்த அக்கா எங்களோடு எத்தனை போட்டிக்கு வந்தார்கள், எத்தனை இரவு நாகர்கோவில் ஜங்ஷனில் எங்களை எண்ணினார்கள் என்று கணக்கே இல்லை. எந்தச் சான்றிதழிலும் அவர்கள் பெயர் கிடையாது. பயிற்சியாளர் என்று சொல்லும்போது நான் இருவரையும் சேர்த்தே நினைக்கிறேன்.

"இது எதுக்கு ஆகும்?" என்ற கேள்வி அவரை விட்டதே இல்லை. 1996-இல் பெண்கள் சாஃப்ட்பால் ஒலிம்பிக்கில் சேர்ந்தது, 2008-க்குப் பின் எடுத்துவிட்டார்கள், டோக்கியோவில் ஒரு முறை வந்தது, பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் மீண்டும் வருகிறது. இந்த ஏற்ற இறக்கம் எதுவும் எங்கள் மாலைப் பயிற்சியைத் தொடவில்லை. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டை அவர் அக்கறையாகக் கவனித்தார். ஒவ்வொரு பிள்ளையின் சான்றிதழுக்கும் நகல் எடுத்து, பெயர் போட்டு அடுக்கி வைத்திருப்பார். பள்ளியை விட்டுப் பல வருடம் கழித்து, மழையில் சான்றிதழைத் தொலைத்தவர்கள்கூட வந்து வாங்கிப்போயிருக்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் யோசனை ஒன்று உண்டு. சாரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். ஸ்கோர் புக் எழுதுங்கள், பயிற்சி ஆட்டத்துக்கும் எழுதுங்கள். முதல் பேஸில் நிற்பவளை இரண்டாவதுக்கு நகர்த்த, மட்டைக்காரி பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட் ஆகிறாளே, அந்தத் தியாக பண்ட், விதிப்படி அவளுடைய அடிக்கும் வாய்ப்புக் கணக்கில் சேராது. சராசரி குறையாது. சார் அதைச் சிவப்பு மையில் எழுதி, ஆட்டம் முடிந்ததும் ரன் எடுத்தவர்களுக்கு முன்னால் அந்தப் பெயர்களை வாசிப்பார். பத்து வருடத்துக்கு நீங்களும் ஏதாவது எழுதி வைத்திருப்பீர்கள். இல்லையென்றால் பழைய குழுப் படங்களை எடுத்து, ஓரத்தில் நிற்கிற பிள்ளைகள் எதுவரை படித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். விசாரித்த பிறகு இங்கே வந்து எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.